நசுங்குவதற்கென்றே ஒரு தொப்பி

தையற்கடை மேசைமேல் அந்தத் தொப்பியை வைத்ததும் மாஸ்டர் இரண்டு கையாலும் எடுத்து, உள்ளே விரலை விட்டு உப்பவைத்துப் பார்த்தார். "இது மேல யாரோ உக்காந்துட்டாங்க சார். ஸ்டீம் குடுத்து, உள்ள ஒரு கம்பி வளையம் வச்சா நிமிந்துடும். நாளைக்கு வாங்க" என்றார். நான் பதறிப்போய்த் தொப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அவரைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருடமாகக் கல்யாண பேண்டு செட்டுக்கும் செக்யூரிட்டி கம்பெனிகளுக்கும் தொப்பி தைப்பவர். அவர் தொழிலில் நசுங்கிய தொப்பி என்றால் ரிப்பேருக்கு வந்த தொப்பி. எனக்கு வேண்டியதோ, அதே அளவில், அதே மாதிரி நசுங்கக்கூடிய இன்னொன்று. இதை அவருக்குப் புரியவைக்க இரண்டு டீ ஆனது. எனக்கே முழுசாகப் புரிய ஒரு தொப்பி வீணானது. அந்த வீணான தொப்பியையும், அதற்குப் பின் வந்ததையும் பற்றித்தான் இந்த ஆய்வு.

எந்தத் தொப்பி

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவ விமானப்படை அதிகாரிகள் அணிந்த சர்வீஸ் கேப். முன்னால் செம்பழுப்புத் தோலில் பீக் (கண்ணுக்கு நிழல் தரும் நீட்டம்), தலையைச் சுற்றி மொஹேர் எனும் ஆட்டுரோம நூலில் பின்னிய பட்டை, மேலே அகலமான தட்டு, நெற்றியில் தங்கமுலாம் பூசிய பெரிய கழுகு. துணி கம்பளி, நிறம் ராணுவக் கணக்கில் 'ஆலிவ் டிராப் 51'. பெயரில் ஆலிவ் இருந்தாலும் கண்ணுக்குச் சாக்லேட் கலந்த கரும்பச்சையாகத்தான் தெரியும். அதே நிறக் கோட்டும், இளஞ்சிவப்பு சாயலடித்த 54-ஆம் எண் பேண்ட்டும் சேர்ந்த உடுப்பைத்தான் சேகரிப்பாளர்கள் 'பிங்க்ஸ் அண்ட் கிரீன்ஸ்' என்று இன்றும் கொண்டாடுகிறார்கள்.

காலாட்படை அதிகாரியின் தொப்பியும் இதேதான். வித்தியாசம் உள்ளே. மேல்தட்டின் ஓரத் தையலுக்குள் ஒரு விறைப்பு வளையம் ஓடும். அதுதான் தட்டை இழுத்துப் பிடித்து, தாம்பாளம் போல நிறுத்துவது. விமானிக்கு அந்த வளையம் இடைஞ்சல். காரணம் ஹெட்செட். எச்எஸ்-33 போன்ற அந்தக் கால ஹெட்செட்டில் எஃகுப் பட்டைக்குத் தோல் உறை போட்டிருக்கும். அது உச்சந்தலை வழியாக ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் போக வேண்டும். தொப்பியைக் கழற்றாமல் அதை மாட்டினால் வளையம் எதிர்த்துத் தள்ளும், காதுக் குமிழ் காதில் உட்காராது. அதனால் விமானிகள் வளையத்தை உருவி எறிந்தார்கள், ராணுவமும் அதை அனுமதித்தது. வளையம் போனதும் ஹெட்செட் பட்டை இரண்டு பக்கத்தையும் கீழே அழுத்தியது. முன்பக்கம் மட்டும் நிமிர்ந்து நிற்க, பக்கங்கள் முயல் காது தொங்குவது போலத் தொங்கின. இதற்குத்தான் 'க்ரஷர்' என்று பெயர் வந்தது. 'ஐம்பது மிஷன் க்ரஷ்' என்றும் சொல்வார்கள்.

ஐம்பது என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்திலிருந்து பறந்த 8-வது விமானப்படையில் குண்டுவீச்சுக் குழு ஒன்றின் கடமைக் கணக்கு முதலில் 25 தாக்குதல்கள்தான். மெம்ஃபிஸ் பெல் விமானத்தின் கேப்டன் ராபர்ட் மார்கனின் குழு 1943 மே மாதம் முடித்தது அந்த 25-ஐ. 1944-இல் அது 30 ஆகி, பிறகு 35 ஆனது. மத்தியதரைக்கடல் பக்கம் பறந்தவர்களுக்குத்தான் 50. அங்கே கடினமான சில தாக்குதல்கள் இரண்டாக எண்ணப்பட்டதும் உண்டு. ஆக, இங்கிலாந்திலிருந்து திரும்பியவரின் தொப்பிக்கு 'ஐம்பது மிஷன்' என்று பெயர் வைப்பது கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான்.

இன்னொன்றும் எனக்கு நெருடியது. பி-17 குண்டுவீச்சு விமானம் 25,000 அடியில் பறக்கும்போது உள்ளே குளிர் மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும். ஆக்சிஜன் மாஸ்க் இல்லாமல் மூச்சுவிட முடியாது. மாஸ்க்கை மாட்ட ஹெல்மெட் வேண்டும். காதொலிக் கருவி அந்த ஹெல்மெட்டுக்குள்ளேயே இருக்கும். அந்த உயரத்தில் சர்வீஸ் கேப்புக்கு வேலையில்லை. அப்படியானால் தொப்பி நசுங்கியது எப்போது? புறப்படும்போதும் இறங்கிவரும்போதும், பயிற்சிப் பறப்பில், தாழப் பறக்கும் சரக்கு விமானத்தில், அதற்குமேல் பையில் திணித்த நேரத்தில். விமானிச் சின்னமான சிறகைப் புதிதாகக் குத்திக்கொண்ட பையன்கள் தொப்பியை நனைத்து, சுருட்டி, மெத்தைக்கடியில் போட்டு ஒரே வாரத்தில் 'அனுபவசாலி' ஆக்கிக்கொண்ட கதைகளுக்கும் குறைவில்லை. புதுச் செருப்பை மண்ணில் தேய்த்துவிட்டுக் கல்லூரிக்குப் போன நம் ஆட்களுக்கு இது நன்றாகவே புரியும்.

தொப்பி செய்பவர்களும் இந்த ஆசையைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்க அதிகாரிகள் சீருடையைக் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதால் போட்டி இருந்தது. பான்க்ராஃப்ட் நிறுவனம் 'ஃப்ளைட்டர்' என்ற பெயரில் பீக்கும் வளையக்கூடிய ஒரு தொப்பியை விற்றது. சுருட்டிப் பையில் வைத்துக்கொள்ளலாம். பிறந்ததிலிருந்தே நசுங்கத் தெரிந்த தொப்பி. இன்று சேகரிப்பாளர் உலகத்தில் அதன் விலையைக் கேட்டால் நமக்குத்தான் மூச்சு நசுங்கும்.

பிரித்துப் பார்த்தது

என்னிடம் இருப்பது பான்க்ராஃப்ட் இல்லை. உள்பக்க வைர வடிவப் பிளாஸ்டிக் தகடு மஞ்சளித்து உதிர்ந்துவிட்டதால் செய்தவர் பெயர் தெரியாது. அளவு மட்டும் வியர்வைப் பட்டைக்குள் மங்கலாக இருந்தது: ஏழேகால், அல்லது ஏழேகாலுக்குக் கொஞ்சம் கீழ். டேப் வைத்து அளந்ததில் 57 செ.மீ. பழுதுபட்டது என்பதால்தான் என் கைக்கு எட்டும் விலையில் வந்தது. வியர்வைப் பட்டையின் தையல் பாதி ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது. அந்தப் பாதி வழியாகத்தான் உள்ளே பார்த்தேன். ஒரு நல்ல அசலைக் கத்திரிக்கோலால் திறக்கிறவனோடு எனக்கு ஒட்டாது. இருக்கிற பழையது இனி கூடப்போவதில்லை.

ஓரத் தையலுக்குள் விரல்நுனியை விட்டால் காலியான குழாய் போல ஒரு பாதை. வளையம் உருவப்பட்ட இடம். பின்னால், லைனிங்குக்குள் மறைவாக, இரண்டு அங்குல நீளத்துக்கு அந்தக் குழாயைப் பிளேடால் கீறி, பிறகு வேறு நிற நூலால் தைத்திருந்தார்கள். கடைக்காரர் தையல் அரிசி அரிசியாக ஒரே சீரில் போகிறது. இந்த இரண்டு அங்குலம் மட்டும் நீளமும் குட்டையுமாக, அவசரமாக, நூலை இரட்டையாகப் போட்டு. தையல் தெரியாத ஒருவர் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து போட்டது. அந்த ஒரு தையலை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

நெற்றிக்குப் பின்னால் நிற்கும் விறைப்பை அவர் எடுக்கவில்லை. அதனால்தான் கழுகு இன்னமும் நேராக நிற்கிறது. தட்டின் உச்சியில், இடம் வலமாக, கைவிரல் அகலத்துக்குத் துணியின் பூ தேய்ந்து நெசவு வெளியே தெரிகிறது. ஹெட்செட் பட்டை உட்கார்ந்த தடம். இடது பக்கம் வலது பக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே தொங்குகிறது.

கணக்கு இதுதான்: தட்டு முன்பின்னாக 28 செ.மீ., இடம்வலமாக 26. அதன் சுற்றளவு ஏறத்தாழ 85 செ.மீ. தலைச்சுற்று 57. இந்த 28 செ.மீ. வித்தியாசத்தைத் தாங்குவது நான்கு பக்கத் துண்டுகள். ஒவ்வொன்றும் மேலே 21-க்குச் சற்று அதிகம், கீழே 14-க்குச் சற்று அதிகம். அதாவது ஒவ்வொரு துண்டும் ஒரு விசிறி. வளையம் இருக்கும்வரை விசிறி விரிந்து நிற்கும். வளையம் போனால் அந்த அதிகப்படியான 28 செ.மீ. துணி எங்கேயாவது போய் விழுந்தாக வேண்டும். அது எங்கே விழுகிறது என்பதுதான் க்ரஷர். இதை முதலிலேயே இப்படி யோசித்திருந்தால் அரை மீட்டர் கம்பளி மிஞ்சியிருக்கும்.

முதல் தொப்பி

துணி கிடைப்பதே பெரும்பாடு. அசலில் இருப்பது எலாஸ்டிக் எனப்படும் கம்பளி. பெயரைப் பார்த்து இழுபடும் என்று நினைக்க வேண்டாம், செங்குத்துக்கு நெருக்கமாகச் சாய்ந்த இரட்டை வரி நெசவு, அவ்வளவுதான். இந்த ஊரில் கம்பளி என்று கேட்டால் கடைக்காரர் பாலியஸ்டர் கலந்த சூட் துணியை விரிக்கிறார். ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினால் குட்டு உடைந்துவிடும்: முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி, உருகிக் கறுப்பு மணியாக உருண்டால் பாலியஸ்டர். மூன்று கடைகளில் தீப்பெட்டியோடு சுற்றியபின், பழைய ராணுவ ஓவர்கோட் ஒன்றைப் பிரித்து எடுத்த காபர்டின் கம்பளிதான் கைகொடுத்தது. நிறம் துல்லியமாகப் பொருந்தவில்லை. ஒரு சாயம் பச்சை அதிகம்.

மாஸ்டர் தன் வழக்கப்படி பக்கத் துண்டுகள் நாலுக்கும் ஃப்யூசிங், அதாவது பசை தடவிய விறைப்புத் துணி, ஒட்டினார். "ஒட்டலன்னா துணி நிக்காது சார், தொளதொளன்னு இருக்கும்" என்றார். நானும் தலையாட்டினேன். என் பங்குக்கு நானும் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன்: தொங்க வேண்டும் என்பதற்காகத் துண்டுகளைக் கிராஸில், அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக, வெட்டச் சொன்னேன். பீக்குக்கு, பேண்டு செட் தொப்பியில் போடும் பிளாஸ்டிக் அச்சின்மேல் பழுப்பு ரெக்ஸின். பத்து நாளில் தொப்பி தயார். கையில் வாங்கியபோது அழகாகத்தான் இருந்தது.

வீட்டில் ஹெட்செட்டை மாட்டி இரண்டு வாரம் தினமும் ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்து வேலை பார்த்தேன். (ஹெட்செட்டின் வயர் உளுத்துப்போனது, சத்தம் எதுவும் வராது. வாசலில் வந்த கூரியர் பையன் ஒன்றும் கேட்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.) ஹெட்செட்டை எடுத்த மறு நிமிடமே தொப்பியின் பக்கங்கள் துள்ளி எழுந்து பழையபடி நின்றன. ஃப்யூசிங் பசை துணியை அட்டையாக்கி வைத்திருந்தது. ஆறாவது வாரம் வேறொரு கூத்து: இடது முன்துண்டு மட்டும் கிராஸில் இழுபட்டு, கழுகோடு சேர்ந்து முன்னால் சாய்ந்துகொண்டது. பக்கம் நிற்கிறது, நெற்றி விழுகிறது. அசலுக்கு நேர் எதிர். வெயிலில் ஒரு நாள் காரின் டேஷ்போர்டில் வைத்திருந்ததில் ரெக்ஸின் பீக் ஓரத்தில் உப்பிக் கிளம்பியது.

அதை ஒரு மேடை நாடகக் குழுவுக்குக் கொடுத்துவிட்டேன். தபால்காரர் வேடத்துக்குப் பயன்பட்டதாகக் கேள்வி.

எங்கே பிசகினேன்

நான் நகலெடுக்கப் பார்த்தது தொப்பியின் இன்றைய தோற்றத்தை. அசல் தொப்பி அந்தத் தோற்றத்தோடு கடையிலிருந்து வெளியே வரவில்லை. அது விறைப்பாக, ஒழுங்காக, அணிவகுப்புக்குத் தைக்கப்பட்ட தொப்பி. விறைப்பு முழுக்க வளையத்திலும் நெற்றிப் பட்டையிலும் மட்டுமே இருந்தது, துணியில் இல்லை. அதனால்தான் வளையத்தை உருவியதும் துணி சுதந்திரமாக விழ முடிந்தது. நான் விறைப்பைத் துணிக்குள் ஒட்டிவிட்டு, தொங்கலையும் துணிக்குள்ளேயே வெட்டி வைத்தேன். இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

இதை மாஸ்டரிடம் சொன்னபோது அவர் அசலை மறுபடி வாங்கி, பக்கத் துண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார். ரொம்ப நேரம் தேய்த்தார். "உள்ள ஒண்ணுமே இல்ல சார். வெறும் துணி, லைனிங். இத முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். என்ன சொல்ல.

இரண்டாவது

இந்த முறை நூலோட்டம் நேராக. துண்டுகளுக்கு ஒட்டு கிடையாது. நெற்றிக்குப் பின்னால் மட்டும் இரண்டு மடிப்பு பக்ரம் எனும் விறைப்புத் துணி, அதையும் பசையில்லாமல் கைத்தையலில் பிடித்தோம். ஓரக் குழாயில் நிஜமாகவே ஒரு எஃகு வளையம் போட்டுத் தைக்கச் சொன்னேன். மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உருவத்தான போறீங்க, எதுக்குப் போடணும்?" நியாயமான கேள்விதான். வளையம் இருக்கும்போது தைத்து, ஆவி காட்டி, கட்டையில் ஏற்றி உலரவிட்டால் தட்டின் விளிம்பு ஒரு வடிவத்தை மனப்பாடம் செய்துகொள்கிறது. பிறகு உருவினால் விளிம்பு ஒரே வளைவாக இறங்குகிறது, கசங்கிய பை போல இறங்குவதில்லை. அசலின் தொங்கலில் ஒரு மிடுக்கு இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆவி காட்டியது எங்கள் வீட்டு இட்லிப் பானையில். இட்லித் தட்டை எடுத்துவிட்டு, தண்ணீர் கொதிக்கக் கொதிக்க, தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பளி சூடாகி மெத்தென்று ஆகும் ஒரு நொடி உண்டு. ஈர நாய்க்குட்டி வாடை மேலே வரும். அந்த நொடியில் கட்டையில் ஏற்றிவிட வேண்டும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஊரெல்லாம் இட்லி வேகவைக்குது, நீ தொப்பி வேகவை" என்று போய்விட்டார்.

பீக்குக்குத் தோல் சென்னைப் பெரியமேட்டில் வாங்கினேன். குரோம் உப்பு போட்டுப் பதப்படுத்தின தோல் மெத்தென்று இருக்கும், வடிவத்தில் நிற்காது. பட்டை, காய் போட்டுப் பதப்படுத்தின தோல்தான் தண்ணீரில் ஊறினால் களிமண் மாதிரி சொன்னபடி கேட்டு, காய்ந்தால் அப்படியே நிற்கும். ஆவாரம்பட்டையில் பதமிட்ட தென்னிந்தியத் தோல் ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக இங்கிலாந்து போனதுண்டு. மெல்லிய தோல் இரண்டை ஊறவைத்து, வளைவான மரக்கட்டைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்து, ரப்பர் பட்டையால் கட்டி இரண்டு நாள் நிழலில் காயவைத்தேன். நடுவில் அட்டையோ பிளாஸ்டிக்கோ இல்லை. சாயம் மூன்று பூச்சு. ஓரத்தை மரத்துண்டால் தேய்த்து மெருகேற்றினேன். மொஹேர் பட்டை மட்டும் வெளியிலிருந்து வரவழைத்தது. இங்கே அதற்குப் பதிலி கிடைக்கவில்லை.

கழுகுச் சின்னம் இன்னொரு பாடம். பழைய சின்னங்களை மெல்லிய தகட்டை அச்சில் அடித்து எடுத்தார்கள், அதனால் முன்னால் மேடாக இருப்பதெல்லாம் பின்னால் பள்ளமாக இருக்கும். மலிவான நகல்கள் வார்ப்பு. பின்பக்கம் தட்டையாக, குமிழி விழுந்து, கையில் கனக்கும். அந்தக் கனத்தில் நெற்றித் துணி தொய்ந்துவிடும், தொப்பியின் பாவனையே மாறிவிடும். முதல் தொப்பி குப்புற விழுந்ததில் வார்ப்புக் கழுகுக்கும் பங்குண்டு. இந்த முறை அச்சில் அடித்த நகலாகத் தேடி வாங்கினேன். கழுகு தன் வலப்பக்கம், ஆலிவ் கிளையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இடது காலில் 13 அம்புகள். அந்தச் சிறிய அச்சில் பதிமூன்றையும் எண்ண முடிந்தபோது பணம் வீணாகவில்லை என்று தோன்றியது.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் தொப்பியைத் தாம்பாளக் கோலத்திலேயே வைத்திருந்தேன். பிறகு லைனிங்கைத் தூக்கி, பின்னால் இரண்டு அங்குலம் கீறி, வளையத்தை உருவினேன். அந்த இடத்தை நானே தைத்தேன். மாஸ்டர் தைத்துத் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டேன். என் தையலும் நீளமும் குட்டையுமாகத்தான் வந்தது.

நாற்பது நாள், தினமும் ஒரு மணி நேரம் ஹெட்செட். முதல் வாரத்திலேயே பக்கங்கள் இறங்கின. மூன்றாவது வாரம் ஹெட்செட்டை எடுத்தாலும் எழவில்லை. நெற்றி நிற்கிறது. விளிம்பு காதுக்குமேல் வந்து ஒரே மடிப்பாகக் கவிழ்ந்து, பின்னால் போகப்போகத் தட்டையாகிறது. இடது பக்கம் வலத்தைவிட 1 செ.மீ. கீழே. இதை நான் திட்டமிடவில்லை. ஹெட்செட்டின் வயர் இடது குமிழிலிருந்து தொங்குவதால் அந்தப் பக்கம் எடை கூடுதல். அசலின் இடது பக்கமும் ஏன் தாழ்ந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தலையில் உறைத்தது.

ஆவி சரி, மணல்தாள் கூடாது

நகல் செய்பவர்களிடையே தீராத சண்டை இது: எவ்வளவு பழசாக்கலாம்? தேயிலைத் தண்ணீரில் முக்குகிறார்கள், மணல்தாளால் பீக்கைத் தேய்க்கிறார்கள், வியர்வைப் பட்டையில் தலைக்கு வைக்கும் எண்ணெயைப் பூசுகிறார்கள். என் அளவுகோல் எளிது. ஆவியும் ஹெட்செட்டும் தொப்பிக்கு நடக்கக்கூடியதை என் வீட்டில் நடத்துகின்றன. அதில் விழும் மடிப்பு என் மடிப்பு. மணல்தாள், நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதுகிறது.

இந்த வாதம் சும்மா தத்துவமில்லை, பணத்தில் போய் நிற்கிறது. இரண்டு வருடம் முன்பு இணையத்தில் ஒருவரிடம் 'அசல், 1943' என்று ஒரு வெயில்காலக் காக்கித் தொப்பி வாங்கினேன். படத்தில் தேய்மானம் அவ்வளவு அழகு. வந்ததும் இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தேன். தையல் நூல் முழுக்க நீலவெள்ளையாகப் பளிச்சிட்டது. துணிக்கும் சோப்புக்கும் வெண்மையைக் கூட்டிக்காட்டும் ஒளிர்வூட்டி சேர்ப்பது போருக்குப் பிறகு பரவிய வழக்கம். ஒளிர்வதெல்லாம் போலி என்று சொல்லிவிட முடியாது, அசலையே யாராவது சர்ஃப் போட்டு அலசியிருந்தாலும் ஒளிரும். ஆனால் அப்படி அலசினால் துணியும் சேர்ந்து ஒளிரும். இங்கே நூல் மட்டும். ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். கறுப்பு மணி. பாலியஸ்டர் சந்தைக்கு வந்ததே 1950-களில். விற்றவரிடம் கேட்டதற்கு, தனக்கும் ஒருவர் விற்றதுதான் என்றார். பணம் திரும்பி வரவில்லை.

அதனால் நான் செய்யும் ஒவ்வொன்றிலும் வியர்வைப் பட்டைக்கு அடியில், தோலில், செய்த வருடத்தைச் சூட்டுக்கோலால் பதிக்கிறேன். மையில் எழுதினால் துடைத்துவிடலாம். இதை அழிக்கத் தோலையே மாற்ற வேண்டும். இரண்டாவது தொப்பியின் படத்தைப் பார்த்து ஒருவர் நல்ல விலை சொன்னார், அந்த முத்திரை மட்டும் இல்லாமல் இன்னொன்று வேண்டுமாம். செய்து தரவில்லை. ஜப்பானில் பஸ் ரிக்சன்ஸ், ரியல் மெக்காய்ஸ் போன்ற நிறுவனத்தார் பழைய விமானி ஜாக்கெட்டுகளுக்குத் துணியையே புதிதாக நெய்து நகல் செய்கிறார்கள். தங்கள் பெயரை உள்ளே போட்டுத்தான் விற்கிறார்கள், அதற்கே வாங்கவும் ஆள் இருக்கிறது.

நம் பக்கத்துக் கடற்கரையில்

இந்தப் பொழுதுபோக்கைக் கேட்கிறவர்கள், அமெரிக்கன் தொப்பிக்கும் உனக்கும் என்ன என்பார்கள். திருகோணமலையில் சீனக்குடா விமானத்தளம் இருக்கிறதே, அங்கிருந்து 1944 ஆகஸ்ட் 10 அன்று 54 பி-29 குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. இந்தியத் தளங்களிலிருந்து வந்து, அங்கே எரிபொருள் நிரப்பிக்கொண்டு, கடல் தாண்டி சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கப் போயின. பி-29-இல் குழு இருக்கும் பகுதிக்குக் காற்றழுத்தம் கொடுத்திருந்ததால், மாஸ்க் மாட்டிக்கொண்டே பறக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. தொப்பிமேல் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நெடுந்தூரம் போக ஏற்ற விமானம் அது. அந்த இரவில் எத்தனை தொப்பிகள் இடது பக்கம் ஒரு செ.மீ. தாழ்ந்தனவோ.

சீனா, பர்மா, இந்தியா அரங்கில் இருந்த அமெரிக்கர்களுக்கு இந்தியக் கைவினைஞர்கள் ஜரிகையிலும் தோலிலும் சின்னங்கள் செய்து கொடுத்தார்கள். ஊசி வேலைப்பாட்டில் அமெரிக்க இயந்திரத் தையலைவிட அழகானவை. சேகரிப்பாளர்கள் இன்று தனியாகத் தேடுவது அவற்றை. செய்தவர் பெயர் எதிலும் இருக்காது.

பராமரிப்பு, மிச்சம்

கடலோர ஈரத்தில் கம்பளிக்குப் பூச்சியும் தோலுக்குப் பூஞ்சையும் எதிரி. அசலை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியில், உள்ளே மெல்லிய காகிதம் அடைத்து வைக்கிறேன். அந்துருண்டையைத் தனித் துணிமுடிச்சாகப் பெட்டி மூலையில். மாதம் ஒருமுறை காற்றாட எடுத்து, பழைய பல்துலக்கியால் தையல் இடுக்குகளைத் துடைப்பேன். பூச்சி முட்டையிடுவது வெளியே தெரியும் இடத்தில் இல்லை, பட்டைக்கும் துணிக்கும் நடுவிலுள்ள அந்த இருட்டில்.

மெக்கானிக்குகளின் ஏ-3 பருத்தித் தொப்பி ஒன்றும் நடுவில் தைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது க்ரஷரில் எனக்குத் திருப்தியில்லாதவை இரண்டு. நிறம் இன்னும் பச்சைதான். பீக்கின் வளைவு அசலைவிட ஒரு சுற்று அதிகம், கட்டையைத் திரும்பச் செதுக்க வேண்டும். மூன்றாவது தொப்பி, காக்கியில். துணி நேற்றிலிருந்து வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது, சுருங்குவது முதலிலேயே சுருங்கட்டும் என்று. மாஸ்டர் போன் செய்து கேட்டார், "வளையம் போட்டுத்தான சார்?" போட்டுத்தான்.